தபீத்தாளின் அங்கிகளும் உங்கள் போர்ட்ஃபோலியோவும்

ஃபேஷன் படிப்புக்கு விண்ணப்பிக்க ஆயத்தமாகும் வாலிபருக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்



அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் 36 முதல் 42 வரையுள்ள வசனங்களை, மரித்தவளை எழுப்பிய அற்புதத்துக்காகவே நாம் பெரும்பாலும் வாசிக்கிறோம். யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் என்னும் சீஷி வியாதிப்பட்டு மரித்துப்போகிறாள். மேல்வீட்டில் அவளைக் கிடத்தியிருக்கிறார்கள். பேதுரு வந்து சேர்ந்ததும் அங்கே நின்ற விதவைகள் என்ன செய்தார்கள் என்பதை லூக்கா விட்டுவிடாமல் எழுதிவைக்கிறார். அவர்கள் அவளுடைய நற்குணங்களைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்யவில்லை. அவள் உயிரோடிருந்தபோது செய்துகொடுத்த உடைகளை எடுத்து, அழுதபடியே அவருக்குக் காட்டினார்கள்.

துணி தைக்கிற ஒருத்தியின் வேலை, அவளை அறியாத ஒருவர் முன்னால் எடுத்துவைக்கப்படுகிறது. அவள் எவ்வளவு நன்றாகத் தைத்தாள் என்பதோடு, யாரைப் பார்த்துத் தைத்தாள் என்பதும் அந்தத் துணிகளிலேயே தெரிந்துவிடுகிறது.

நம் வாலிபரில் சிலர் மருத்துவம், பொறியியல், கணக்கு என்ற வழக்கமான வரிசையை விட்டு, ஃபேஷன் வடிவமைப்புப் படிக்க விரும்புகிறார்கள். “போர்ட்ஃபோலியோ கேட்கிறார்கள், அதில் என்ன வைப்பது? நேர்முகத்தில் என்ன பேசுவது?” என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. நான் ஒரு நர்ஸ், வடிவமைப்பாளர் அல்ல. ஆனாலும் உடம்புக்கும் உடைக்கும் நடுவில் அன்றாடம் நிற்கிற வேலை எங்களுடையது. போர்ட்ஃபோலியோ என்பதும் எங்களுக்குப் புதிதல்ல. அதைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கட்டுரை முழுவதற்கும் அந்த விதவைகள் காட்டிய துணிகளே வழிகாட்டி.

இது தேவனுக்கேற்ற படிப்பா?

இந்தக் கேள்வி நம் வீடுகளில் வராமல் இருக்காது. வெளிப்புற அலங்காரத்தைக் குறித்து 1 பேதுரு 3-ஆம் அதிகாரத்தில் எச்சரிப்பு இருக்கிறதே என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்த எச்சரிப்பு உண்மையானது. அதை ஒதுக்கிவிடக் கூடாது. அதே வேதத்தில்தான் யாத்திராகமம் 31-உம் 35-உம் இருக்கின்றன. பெசலெயேலை தேவன் பேர்சொல்லி அழைத்துத் தமது ஆவியினால் நிரப்பியது கைவேலைக்காக. அவனோடு அகோலியாபும் வைக்கப்படுகிறான். நூல் நூற்ற ஸ்திரீகளின் ஞானமும் தனியாகக் குறிக்கப்படுகிறது.

யாத்திராகமம் 28-ஐ ஒரு தையல்காரரின் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். ஆரோனின் அங்கியில் தலை நுழையும் துவாரத்தைச் சுற்றி நெய்த விளிம்பு வரவேண்டும் என்று 32-ஆம் வசனம் சொல்கிறது. காரணமும் அங்கேயே இருக்கிறது: அது கிழிந்துபோகக் கூடாது. அழகுக்கும் உறுதிக்கும் ஒரே இடத்தில் கட்டளை. வடிவமைப்பு என்பதன் பொருள் அதுதான்.

நம் சொந்தச் சபை வரலாற்றிலும் உடைக்குப் பெரிய இடம் உண்டு. லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார். அவருடைய மனைவி மார்த்தா மால்ட், பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைக் குடும்பங்களில் பிறந்த சில பெண்கள் லேஸ் பின்னிச் சம்பாதித்த பணத்தைக் கொண்டே தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து, அந்தக் கைத்தொழிலை இடையன்குடிக்குக் கொண்டுபோனார்.

அதே காலத்தில் தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்கே தடை இருந்தது. தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்தது. 1859 ஜூலை 26-இல் வந்த அரசாணை மேலாடையை அனுமதித்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தது. ஒரு ரவிக்கை எப்படி வெட்டப்படுகிறது என்பதில் ஒரு சமுதாயத்தின் மானம் அடங்கியிருந்தது. அந்தப் பெண்களின் சந்ததியார் இன்று ஆக்லாந்தில் இருக்கிறார்கள். “உடையில் என்ன இருக்கிறது?” என்று கேட்க மற்ற யாருக்கு உரிமை இருந்தாலும் நமக்கு இல்லை.

போர்ட்ஃபோலியோ என்றால் என்ன?

நம்மில் பலர் இதை மதிப்பெண் பட்டியல் போல எண்ணுகிறோம். மிக அழகாக வந்த பத்துப் படங்களை ஒரு கோப்பில் போட்டால் போதும் என்று நினைக்கிறோம். தேர்வு செய்கிறவர்கள் தேடுவது வேறு. நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள், எப்படி யோசிக்கிறீர்கள், ஒரு யோசனை பலிக்காதபோது என்ன செய்கிறீர்கள் என்பதையே அவர்கள் தேடுகிறார்கள். சுத்தமாகத் தைக்க அவர்களே கற்றுக்கொடுப்பார்கள். கவனித்துப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

இந்த நாட்டில் பணிபுரியும் நர்ஸ்களுக்கு இது எளிதில் விளங்கும். எங்கள் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, கடந்த மூன்று ஆண்டுகளில் குறைந்தது 450 மணி நேரப் பணியும் 60 மணி நேரத் தொடர்கல்வியும் செய்திருக்க வேண்டும் என்பது நர்சிங் கவுன்சில் வைத்துவந்த அளவு. தணிக்கை வந்தால் அதற்கான சான்றுகளை எடுத்துவைக்கிறோம். அதில் “நான் நல்ல நர்ஸ்” என்று எழுதினால் யாரும் மதிப்பதில்லை. இந்த நோயாளியிடம் இதைக் கவனித்தேன், இதனால் இப்படிச் செய்தேன், இதைக் கற்றுக்கொண்டேன் என்று எழுதவேண்டும். உங்கள் சபையில் ஒரு நர்ஸ் ஆன்ட்டி இருந்தால் (ஆக்லாந்தில் நர்ஸ் ஆன்ட்டி இல்லாத தமிழ்ச் சபை ஏது!), அவருடைய கோப்பு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், நோயாளிகளின் விவரம் இல்லாமல் காட்டக்கூடிய பக்கம் ஒன்றாவது இருக்கும். எழுதும் முறை ஒன்றுதான்.

பள்ளியிலும் இதே முறை இருக்கிறது. என்சிஇஏ மூன்றாம் நிலையில் டிசைன், பெயின்டிங், போட்டோகிராஃபி, பிரின்ட் மேக்கிங், சிற்பம் என்ற ஐந்து காட்சிக்கலைப் பாடங்களில் ஒன்றை எடுப்பவர்கள், வழக்கமாக மூன்று ஏ1 பலகைகள் நிறையத் தங்கள் வேலையை ஒட்டிக் கொடுக்கிறார்கள். அந்தப் போர்ட்ஃபோலியோவுக்கு மட்டும் 14 கிரெடிட். ஒரு யோசனை முதல் பலகையில் பிறந்து, மூன்றாவது பலகைக்குள் எப்படி வளர்ந்தது என்பதே அங்கே பார்க்கப்படுகிறது. பெற்றோர் கவனத்துக்கு ஒன்று: பல்கலைக்கழக நுழைவுத் தகுதிக்கு, அங்கீகரிக்கப்பட்ட மூன்று பாடங்களில் 14 கிரெடிட் வீதம் வேண்டும். டிசைனும் அந்தப் பட்டியலில் உள்ள பாடம். பொழுதுபோக்குப் பாடம் என்று அதை விட்டுவிடச் சொல்லாதீர்கள்.

ஆக்லாந்தில் ஏயூடி பல்கலைக்கழகம், ஒயிட்கிளிஃப் கல்லூரி. வெலிங்டனில் மாஸ்ஸி பல்கலைக்கழகம். டனீடனில் ஒட்டாகோ பாலிடெக்னிக். ஃபேஷன் படிக்க நம் பிள்ளைகள் முதலில் விசாரிக்கிற இடங்கள் இவை. எத்தனை வேலைகள் வைக்கலாம், கோப்பாக அனுப்புவதா நேரில் கொண்டுபோவதா, நேர்முகம் உண்டா என்பதெல்லாம் இடத்துக்கு இடமும் ஆண்டுக்கு ஆண்டும் மாறும். போன வருடம் சேர்ந்த அக்கா சொன்னதை நம்பிவிடாமல், நீங்கள் சேரும் ஆண்டின் விதிகளைப் பதிவு அலுவலகத்திடமே கேளுங்கள்.

ஊரிலிருந்து வரும் ஆலோசனையையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். சென்னை தரமணியிலுள்ள நிஃப்டுக்குப் போக நினைக்கும் அத்தை மகள், படைப்புத்திறன் தேர்வு, பொதுத்திறன் தேர்வு இரண்டும் எழுதுவாள். அடுத்த சுற்றில், தரப்படும் பொருள்களை வைத்து அங்கேயே உட்கார்ந்து ஒரு மாதிரியைச் செய்து காட்டுவாள். அதற்கென்று பயிற்சி வகுப்புகள் உண்டு. இங்கே கேட்கப்படுவது, மாதக்கணக்கில் நீங்களாகவே வளர்த்த வேலை. அந்தப் பயிற்சி வகுப்பு கையைத் திருத்தும்; போர்ட்ஃபோலியோவை அது செய்து தராது.

ஒரு திட்டம் எப்படி வளரும்?

பேச்சாகவே சொல்லிக்கொண்டிருந்தால் புரியாது. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து பதின்மூன்றுக்குப் போகும் ஒரு தங்கை. வீட்டில் பக்கவாதம் வந்து வலது கை தூக்க முடியாத பாட்டி. ஐம்பது வருடம் சேலை கட்டியவர். இப்போது நைட்டியிலேயே இருக்கிறார். ஆராதனைக்கு வரச் சொன்னால், “இந்தக் கோலத்தில் எப்படி வருவேன்?” என்கிறார். பாட்டிக்கு ஒரு ரவிக்கை: திட்டம் இதுதான்.

முதல் வேலை பார்ப்பது. பழைய ரவிக்கையைப் பாட்டிக்குப் போட்டுவிடும்போது எங்கே இழுக்கிறது, எந்த நொடியில் முகம் சுளிக்கிறார், அம்மாவின் கை எங்கே தடுமாறுகிறது என்று பென்சிலால் வரைந்து குறித்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் எங்கள் வார்டில் முதல் வருடமே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உதவும்: உடை மாற்றும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு கெட்டுப்போகும். அப்படியானால் ரவிக்கை எந்தப் பக்கம் திறக்க வேண்டும்? முன்பக்கக் கொக்கி மட்டும் போதுமா, வலது தோளிலிருந்து கை முனை வரை திறந்துகொள்ள வேண்டுமா? இப்படிக் கேட்கத் தொடங்கிய நிமிடத்திலேயே வடிவமைப்பு தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது, தேடுவது. பாட்டியின் அளவு ரவிக்கையைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு துண்டையும் தாளில் வரையலாம். பழைய குடும்பப் படங்களில் கை எவ்வளவு நீளம், கழுத்து எவ்வளவு இறக்கம் என்று பார்க்கலாம். யாழ்ப்பாணத்து அம்மம்மா வீட்டில் கேட்டால் வேறு வெட்டு கிடைக்கும். ஆக்லாந்து அருங்காட்சியகத்தில் மாவோரியரின் காகாஹு மேலாடைகளைப் போய்ப் பார்க்கலாம். ஹரகெகே செடியின் இலையிலிருந்து முகா என்னும் நாரை எடுத்து, கையாலேயே பின்னிய ஆடைகள் அவை. வெட்டித் தைக்காமலே தோளில் எப்படி அமர்கின்றன என்று கவனிக்கலாம்.

மூன்றாவது, செய்து பார்ப்பது. மலிவான காடாத் துணியில் முதல் மாதிரி. தங்கைக்கு வெல்க்ரோ வைக்கத் தோன்றும். சேலையின் நூலை அது பிடித்து இழுக்கும், துவைக்கத் துவைக்கப் பஞ்சு அடைத்துப் பிடிப்பு விடும். அடுத்து காந்தப் பொத்தான் நல்ல யோசனையாகத் தெரியும். பாட்டிக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் காந்தம் அதற்கு 15 சென்டிமீட்டருக்குள் வரக் கூடாது. ரவிக்கையின் முன்பட்டி அந்த எல்லைக்குள்தான் வரும். பிறகு பெரிய பிரஸ் பட்டன். அது ஒரு கையால் பிடித்து அழுத்தும்போது வழுக்குகிறது. பட்டியை அகலப்படுத்தி உள்ளே கெட்டித் துணி வைத்தால் நிற்கிறது. நாள் முழுவதும் நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் முதுகில் தடித்த தையல் வந்தால் தோல் சிவந்து புண்ணாகும். ஆகவே முதுகுத் தையல் பக்கத்துக்கு நகர்கிறது. அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டு சேர்த்ததும் கை நுழைய இடம் கிடைக்கிறது.

கடைசியில் வரும் ரவிக்கை ஒன்றுதான். ஆனால் போர்ட்ஃபோலியோவில் வைக்க எவ்வளவு சேர்ந்துவிட்டது பாருங்கள்! பென்சில் குறிப்புகள், பிரித்த ரவிக்கையின் தாள் வடிவம், தோற்றுப்போன வெல்க்ரோ மாதிரி, காந்தத்தை ஏன் விட்டோம் என்ற இரண்டு வரி, துணித் துண்டுகள், மூன்று மாதிரிகள், முடிந்த உடை. தோற்ற மாதிரியைக் குப்பையில் போடாதீர்கள். நீங்கள் யோசிக்கத் தெரிந்தவர் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பாட்டியைப் படமெடுக்கும் முன் அவரிடம் கேளுங்கள். “வேண்டாம்மா” என்றால் அதோடு விட்டுவிடுங்கள், வரைந்து காட்டலாம். சம்மதித்தாலும் முகம் வேண்டியதில்லை, கையும் தோளும் போதும். உடல் தளர்ந்தவரின் மானத்தைக் காப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

இது ஒரு உதாரணம்தான். உங்கள் திட்டம் வேறாக இருக்கலாம். அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து ஒரு மழைக்கோட்டு, நாகர்கோவில் லேஸைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ஒரு கழுத்துப்பட்டி, ஞாயிறுதோறும் பாடகர் குழு அணியும் அங்கியை ஆக்லாந்தின் கோடைக்கு ஏற்றபடி மாற்றுவது. எதுவானாலும், யாருக்காக என்ற கேள்விக்கு ஒரு முகம் இருக்கட்டும்.

தொகுக்கும்போது

ஆரம்பிக்கும் காலம்: இங்கே பட்டப்படிப்புகள் பெரும்பாலும் பிப்ரவரி கடைசியில் தொடங்குகின்றன. பதின்மூன்றாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் என்சிஇஏ வேலையும் தேர்வுகளும் ஒன்றாக நெருக்கும். ஆகவே முந்தின கோடை விடுமுறையிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிவிடுங்கள். பள்ளிப் பலகைகளை மதிப்பீட்டுக்குக் கொடுக்கும் முன் நல்ல பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். பிறகு வேண்டும்போது அவை உங்கள் கையில் இருக்காது.

தேர்வும் வரிசையும்: எல்லாவற்றையும் வைக்கத் தோன்றும். பலவீனமான இரண்டு பக்கங்கள் நல்ல பத்துப் பக்கங்களையும் கீழே இழுத்துவிடும். பலமான ஒன்றை முதலிலும் மற்றொன்றைக் கடைசியிலும் வையுங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு சிறு குறிப்பு போதும்: யாருக்காக, என்ன தடை, என்ன முடிவு. உடை மட்டும் வைக்காமல், மனித உருவம் வரைந்த பக்கங்களும் ஒன்றிரண்டு வையுங்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர்கள், ஆராதனையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் என்று பார்த்து வரைந்தவையாக இருக்கட்டும். பத்திரிகையிலிருந்து நகலெடுத்தவை வேண்டாம்.

செலவு: விலையுயர்ந்த துணி வாங்கவேண்டும் என்ற பயம் வேண்டாம். அம்மாவின் கிழிந்த பட்டுச் சேலை, இரட்சணிய சேனையின் ஃபேமிலி ஸ்டோரில் கிடைக்கும் பழைய படுக்கை விரிப்பு, சனிக்கிழமை ஒட்டாரா சந்தை, இவை போதும். இருப்பதைக் கொண்டு செய்ததைப் பார்க்கும்போது, தேர்வாளருக்கு உங்கள் யோசனைதான் முதலில் தெரியும்.

உண்மை: இதில்தான் நம் பிள்ளைகளுக்கு உண்மையான சோதனை. அம்மா நன்றாகத் தைப்பார். “இந்த ஓரத்தை மட்டும் நான் அடித்துத் தருகிறேன்” என்பார். அன்பினால் வரும் உதவிதான். ஆனால் அம்மா காஜா எடுத்தார் என்றால், காஜா அம்மாவுடையது என்று குறிப்பில் எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒரு படத்தை உருவாக்கிப் பார்த்தீர்களானால் அதையும் எழுதுங்கள். அந்தக் கல்லூரி அதை அனுமதிக்கிறதா என்று முன்னதாகவே கேளுங்கள். கோப்பில் இருப்பது ஒருவர், வகுப்பில் வந்து உட்காருவது வேறொருவர் என்றால் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். அதற்கு முன்பே கர்த்தருக்குத் தெரியும்.

பிறருடைய சின்னங்கள்: இந்த மண்ணில் வாழ்வதால் மாவோரி வடிவங்கள் கண்ணைக் கவரும். அவற்றுக்குப் பின்னால் வம்சமும் வரலாறும் உண்டு. அழகுக்காக எடுத்து ஒட்டிவிடக் கூடாது. கற்றுக்கொள்ள விரும்பினால் பள்ளியில் மாவோரி ஆசிரியரிடம் கேளுங்கள். நம் வாசல் கோலத்தை அர்த்தம் தெரியாமல் யாரோ செருப்பில் அச்சடித்தால் நமக்கு எப்படியிருக்கும்?

முன்வைக்கும் நாள்

நேர்முகம் இருந்தால் அங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பெரியவர்கள் முன் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது, “நான், நான்” என்று சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். நல்ல வளர்ப்புத்தான். ஆனால் கேட்கிறவருக்கு அந்த மௌனம் தாழ்மையாகத் தெரியாது. ஆர்வமில்லை என்று எண்ணிக்கொள்வார். செய்ததைச் செய்தேன் என்று சொல்வது தற்பெருமை ஆகாது. வார்டில் பணி மாறும்போது அடுத்த நர்ஸிடம், “இதைப் பார்த்தேன், இதைச் செய்தேன், இது மீதி இருக்கிறது” என்று ஒப்படைக்கிறோம். அங்கே யாரும் அதைப் பெருமை என்று நினைப்பதில்லை. நேர்முகத்திலும் அதே தொனியில் பேசலாம்.

முதலில் வீட்டில் தமிழில் சொல்லிப் பாருங்கள். பாட்டியிடம் இரண்டு நிமிடத்தில் ஒரு திட்டத்தை விளக்க முடிந்தால், அது உங்களுக்கே தெளிவாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு ஆங்கிலத்தில். சபையில் உங்களை அதிகம் அறியாத ஒரு அங்கிளையோ ஆன்ட்டியையோ கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்விகள் உதவும்: இதை ஏன் எடுத்தாய்? இதில் எது பலிக்கவில்லை? இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் எதை மாற்றுவாய்? யாருடைய வேலை உனக்குப் பிடிக்கும், ஏன்? இந்த உடையை உடுத்தியவர் என்ன சொன்னார்?

தேர்வாளர் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினால் பதறவேண்டாம். உங்களுக்குக் கற்றுக்கொள்ள மனம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். “ஆமாம், அந்தத் தோள் சரியாக அமரவில்லை; துணி கெட்டியாக இருந்ததால் என்று நினைக்கிறேன்” என்று சொல்லத் தெரிந்தால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைக் கையில் கொண்டுபோங்கள். அனுமதித்தால் அந்த ரவிக்கையையே மேசைமேல் விரியுங்கள். யோப்பாவின் விதவைகள் செய்ததும் அதுதான்.

யாத்திராகமம் 39-இன் கடைசி வசனங்களில், ஆசரிப்புக் கூடாரத்தின் வேலை முடிந்து ஒவ்வொன்றையும் மோசேயிடம் கொண்டுவருகிறார்கள். அதில் வஸ்திரங்களும் உண்டு. மோசே எல்லாவற்றையும் பார்வையிடுகிறான்; பிறகு அவர்களை ஆசீர்வதிக்கிறான். வேலையை ஒருவர் பார்வையிடுவது அவமானமல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

இடம் கிடைக்காமலும் போகலாம். அப்போது, எங்கே குறைந்தது என்று பணிவாகக் கேட்டு எழுதுங்கள். தையலிலும் வடிவ வெட்டிலும் ஓராண்டுச் சான்றிதழ் படித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். ஒரு தேர்வுக் குழுவின் “இல்லை” உங்கள் தாலந்தைக் கர்த்தர் திரும்ப எடுத்துக்கொண்டார் என்பதற்கு அடையாளம் அல்ல.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

“இதைப் படித்து என்ன வேலை?” என்று நீங்கள் கேட்பது நியாயம். நாமெல்லாரும் விசாவும் வாடகையும் பார்த்து இந்த நாட்டில் வேரூன்றியவர்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் கோபமாகக் கேட்காமல், கல்லூரியின் திறந்த நாளில் ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள். வடிவ வெட்டு, உற்பத்தி மேற்பார்வை, நாடகம் மற்றும் திரைப்பட உடை, கடைகளுக்கான கொள்முதல் என்று வழிகள் பல. மேடையில் நடக்கும் அணிவகுப்பு அதில் ஒரு சிறு பகுதி.

இந்தத் துறைக்கு நம் பிள்ளைகள் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மேலைநாட்டுக் கடைகளுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். ஊருக்குப் போகும்போது திருப்பூர் வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும், நாம் உடுத்துவதற்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்று. ஒரு உடையை வரையும்போதே அதைத் தைப்பவரையும் உடுத்துபவரையும் நினைக்கிற வடிவமைப்பாளர் ஒருவர் நம் சபையிலிருந்து வரட்டுமே.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று: சாப்பாட்டு மேசையில் பாதியைச் சில மாதங்களுக்கு விட்டுக்கொடுங்கள். வேலையைத் திருத்தித் தராதீர்கள், உட்கார்ந்து, “இதை ஏன் இப்படி வைத்தாய்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகிய பிள்ளை எந்த நேர்முகத்துக்கும் பயப்படாது.

வாலிபர் கூடுகையில் பேச

1. அப்போஸ்தலர் 9:36–42-ஐ வாசியுங்கள். உங்களைக் குறித்துக் காட்டுவதற்கு யாருடைய கையில் என்ன இருக்கும்?

2. யாத்திராகமம் 28-இல் அழகும் பயனும் சேர்ந்துவரும் இடங்களைக் கண்டுபிடியுங்கள்.

3. உங்கள் வீட்டிலோ சபையிலோ உடுத்துவதற்குச் சிரமப்படுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்காக நீங்கள் முதலில் எதைக் கவனிப்பீர்கள்?

கர்த்தர் உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக.